பழைய பெட்டியும் பழுது பார்ப்போர் அறமும்

கூலிக்கு உழைப்போரை உலகம் அறியும். புகழுக்கு உழைப்போரையும் அறியும். இவ்விரண்டும் இன்றி, ஓய்வு நாள் முழுவதும் துருப்பிடித்த ஓர் இரயில் பெட்டியின் அடியில் மல்லாந்து படுத்துக் கம்பித் தூரிகையால் இரும்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும் மனிதரைக் கண்டால், அது சற்றே நின்று பார்க்கிறது. மேலைநாடுகளின் சிற்றூர்களில் அமைந்துள்ள சிறிய இரயில் அருங்காட்சியகங்கள் பலவற்றைத் தாங்கி நிற்போர் இத்தகைய தொண்டூழியரே. அவர்களுள் ஓய்வு பெற்ற இயந்திர ஓட்டுநரும் உளர். வாழ்நாளில் சுத்தியல் பிடித்தறியாத எழுத்தரும் ஆசிரியரும் உளர். அவர்தம் உழைப்பு போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்வுழைப்பினுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. அதனை இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

இவ்வியக்கத்தின் பிறப்பிடம் வேல்ஸ் நாட்டு மேற்குக் கரையிலுள்ள டவின் என்னும் சிற்றூர் எனலாம். மலையிலிருந்து சிலேட்டுக் கல்லைக் கொண்டுவருவதற்கென 1865-இல் அங்கு அமைந்தது டாலிலின் இரயில்பாதை. நம் மூத்த தலைமுறையினர் அகரம் எழுதிப் பழகிய பலகையும் அவ்வகைக் கல்லே. தண்டவாளங்களின் இடையகலம் 2 அடி 3 அங்குலந்தான். அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் 1950-இல் மறைந்தார். அவரோடு பாதையும் மறைந்து போகும் நிலை. அவ்வாண்டு அக்டோபர் திங்களில், டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரின் முயற்சியால் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் கூடிற்று. 1951 மே 14-ஆம் நாள், தொண்டூழியர் பொறுப்பில் முதல் வண்டி புறப்பட்டது. மூடப்படவிருந்த ஓர் இரயில்பாதையைத் தொண்டூழியர் ஏற்றுக் காப்பாற்றியது உலகில் அதுவே முதன்முறை. 1860-களில் செய்யப்பட்ட நான்கு பயணிகள் பெட்டிகளும் ஒரு காவலர் பெட்டியும் இன்றும் அங்கு ஓடுகின்றன. டவின் நிலையத்திலேயே சிறியதோர் அருங்காட்சியகமும் உண்டு. 1952-இல் அப்பாதையில் காவலராகத் தொண்டாற்றிய ஆட்ரி என்னும் பாதிரியார்தாம், தாமஸ் என்னும் நீல இயந்திரத்தையும் ஜேம்ஸ் என்னும் சிவப்பு இயந்திரத்தையும் குழந்தைகளுக்குப் படைத்துத் தந்தவர். அவ்வியந்திரங்களை அறியாத பிள்ளை நம் பள்ளிகளிலும் அரிது. ஜேம்ஸைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

பழுது பார்க்கும் வேலை எத்தகையது என்பதை அறிந்தாலன்றிக் கேள்வி விளங்காது. மரப்பெட்டியின் புறத்தே வண்ணம் நன்றாயிருக்க, அகத்தே சட்டம் உளுத்திருக்கும். கூரைமேல் போர்த்திய கித்தான் கிழிந்தவுடன் மழைநீர் மூலைக்கால்களின் வழியே இறங்கி அடிமரம்வரை அரித்துவிடும். தேர்ந்த தச்சர் முழு மரத்தையும் தூக்கி எறியார். உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தில் புதுத்துண்டு செதுக்கிச் சாய்வாக இணைப்பார். சக்கரம் நீக்கி விற்கப்பட்ட பெட்டிகளின் கதை இன்னும் இரங்கத்தக்கது. கோழிக்கூண்டாகவும் தோட்டக் கொட்டகையாகவும் கடற்கரைக் குடிலாகவும் பல பத்தாண்டுகள் கழித்தபின், அவை மீட்கப்படுகின்றன. அவற்றுக்கு வேறொரு வண்டியின் அடிச்சட்டத்தைத் தேடிப் பொருத்த வேண்டும். இவ்வாறு மாற்றி மாற்றி, பாதிக்கு மேல் புதிதாகிவிட்ட பெட்டியைப் ‘பழைய பெட்டி’ என்று காட்டுவது மெய்யாகுமா?

இது புதிய வினாவன்று. தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தை ஏதென்ஸ் நகரத்தார் பலகை பலகையாக மாற்றிக் காத்து வந்ததையும், அது அதே கலந்தானா என மெய்யறிவாளர் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கழற்றிய பழம்பலகைகளைச் சேர்த்து ஒருவன் இரண்டாவது கலம் கட்டினால் எது மெய்யான கலம் என்று கேட்டுச் சிக்கலை முறுக்கிவிட்டவர் ஹாப்ஸ். நம் கீழைநாட்டிலோ நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என வினவி, தேர் என்பது ஒரு வழக்குப் பெயரே என அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். அறிவுக்கு விருந்தான வாதங்கள்தாம் இவை. எனினும் பட்டறையில் நிற்கும் தொண்டூழியருக்கு இவை பெரிதும் உதவா. ஒரு மரத்துண்டை மாற்றுவதில் அவருக்குத் தயக்கமில்லை. மாற்றிய பின் பெட்டியை அதன் வாழ்வின் எந்த நாளுக்குத் திருப்புவது என்பதே அவர் விடை காண வேண்டிய வினா.

ஏனெனில், ஒரு பெட்டிக்கு ஒரு நாள் மட்டும் இல்லை. பழைய வண்ணப்பூச்சின் ஓரிடத்தை நுண்ணிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால், அடுக்கடுக்கான பூச்சுகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் ஒன்றனுள் ஒன்றாகத் தோன்றும். வெளிவட்டம் கோழிக்கூண்டுக் காலத்துத் தார்ப்பூச்சு. அதனுள்ளே போர்க்கால மங்கல் நிறம். அதனுள்ளே பழைய குழுமத்தின் சிவப்பு. நடுப்புள்ளியில் முதல் பூச்சு. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை மறைக்கப்படும். பெரும்பாலோர் எதனைத் தேர்வர் எனச் சொல்லவும் வேண்டுமோ? பொன்கோடு தீட்டிய முதல்நாள் பொலிவையே தேர்வர். விருந்தினர் வருகிறார் என்றால் முன்சுவருக்கு மட்டும் வண்ணம் அடிக்கும் வழக்கம் பள்ளிகளிலும் உண்டு. ஆகவே நாம் அவர்களைப் பெரிதும் குறைகூற இயலாது.

பொலிவை நாடும் கை, குறையைக் கண்டால் திருத்தத் துடிக்கும். டாலிலின் பெட்டிகளில் ஒரு பக்கம் மட்டுமே கதவு உண்டு. அறியாதவர் கண்ணுக்கு அது சிதைவாகத் தோன்றும். இல்லாத கதவைச் செய்து பொருத்திவிடலாம் என்றும் தோன்றும். உண்மை வேறு. 1866-இல் அப்பாதையைப் பார்வையிட வந்த அரசாங்க ஆய்வாளர், பாலங்களின் அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாமையைக் கண்டார். ஒரு பக்கக் கதவுகளை நிலையாக அடைத்து, தண்டவாளத்தை அப்பக்கமாகச் சற்றே நகர்த்தியமைத்த பின்னரே பயணிகளை ஏற்ற இசைவு கிடைத்தது. இல்லாத அக்கதவு, பாலம் கட்டியவர்களின் பிழைக்கும் பயணிகளின் உயிர்க்காப்புக்கும் சான்று. அதைத் ‘திருத்தி’விட்டால் சான்று அழியும்.

இது பொறியியற் செய்தி. இதே நெறி மானுடத் துயரோடு தொடர்புறும்போது எவ்வளவு கனமுடையதாகிறது என்பதை அமெரிக்காவில் காணலாம். வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், சதர்ன் இரயில்வேயின் 1200-ஆம் எண் பெட்டி நிற்கிறது. பழுது பார்த்த பின், 2013 நவம்பரில் பாரந்தூக்கியால் தூக்கி இறக்கப்பட்டது. அதனைச் சுற்றியே கட்டடம் எழுந்தது. வெள்ளையர் ஒரு பகுதியிலும் கறுப்பர் மறு பகுதியிலும் அமருமாறு நடுவே தடுப்பு வைத்த பெட்டி அது. வெள்ளையர் பகுதியின் கழிப்பறை பெரிது. கறுப்பர் பகுதியில் சிறிது. வெள்ளையர் மூட்டை வைக்கத் தட்டு உண்டு. கறுப்பர் பகுதியில் அதுவும் இல்லை. மூட்டையைக் காலடியில் இடுக்கிக்கொண்டே அமர வேண்டும்.

இப்பெட்டியைப் பழுது பார்த்தவர் செய்ய வேண்டியிருந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். நல்ல தச்சராயின் தட்டில்லாத இடத்தில் தட்டு வைக்கவே கை நீளும். அவரோ, தட்டு இல்லாமையைக் காக்க வேண்டியிருந்தது. அநீதி எந்த அளவில் செய்யப்பட்டதோ அந்த அளவிலேயே, ஓர் அங்குலமும் கூட்டாமல் குறைக்காமல், அதனை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. தடுப்பை நீக்கிவிட்டு மெருகேற்றியிருந்தால் அது அழகிய பழம்பெட்டியாக மட்டுமே இருந்திருக்கும். அதில் காலை மடக்கி அமர்ந்து சென்றவர்கள் இரண்டாம் முறையும் வெளியேற்றப்பட்டிருப்பர்.

தமிழாசிரியர்க்கு இந்நெறி புதிதாகத் தோன்றாது. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினாரேயன்றித் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. 1904-இல் பதிற்றுப்பத்தை வெளியிட்டபோது முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிட்டவில்லை; கிட்டாதவை கிட்டாதவையாகவே நின்றன. அவருக்கு அவற்றைப் பாடி நிரப்பும் ஆற்றல் இல்லாமல் போயிற்றா? ஏட்டின்மேல் கொண்ட அன்பு அவரைக் கட்டுப்படுத்தியது. பழுது பார்க்கும் தச்சரின் கண்ணுக்குப் புலப்படும் இணைப்பும் அத்தகைய புள்ளியே.

இனி, தொண்டு என்பதற்கே வருவோம். கூலிக்கு வேலை செய்பவன் கூலி கொடுப்பவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அன்பினால் வேலை செய்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ‘என் நேரம், என் பணம், என் வியர்வை, எனக்குப் பிடித்த நாளைத் தேர்ந்துகொள்வேன்’ என்று அவர் சொன்னால் மறுப்பது எளிதன்று. எனினும் மறுக்கத்தான் வேண்டும் என்பது என் துணிபு. பெட்டி அவர் கைக்கு வருமுன் அதில் பயணம் செய்தோரும், அது ஓடப் பாதை இட்டோரும் உளர். அவர்களே அப்பொருளின் மூத்த உரிமையாளர். அன்பு தூயதாயினும் அது மெய்யைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதனை நம் மண்ணுக்கு நெருங்கிய ஒரு சான்றால் விளக்கலாம். சி56 என்னும் வகையைச் சேர்ந்த நீராவி இயந்திரங்கள் 90-ஐ ஜப்பானியப் படை போர்க்காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பியது. அங்குள்ள மீட்டர்ப் பாதைக்கேற்பச் சக்கரங்கள் நெருக்கி அமைக்கப்பட்டன. அவற்றுள் 31-ஆம் எண் இயந்திரம், 1943 அக்டோபர் 25-ஆம் நாள் சயாம்–பர்மா இரயில்பாதையின் திறப்பு விழாவில் ஓடியது. 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையை நாம் மரண இரயில்பாதை என்றே வழங்குகிறோம். பால்மரக் காடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களும் பெயர்த்துச் செல்லப்பட்டன. போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தோட்டத் தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை.

போருக்குப் பின்னும் அவ்வியந்திரம் தாய்லாந்தில் நெடுங்காலம் உழைத்தது. 1979-இல், பழைய இரயில் படைப்பிரிவினர் தம் பணத்தைத் திரட்டி அதனைத் தாயகத்துக்கு மீட்டுச் சென்றனர். இன்று அது தோக்கியோவில், போரில் மாண்ட ஜப்பானியரை வழிபடும் யசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியக முன்கூடத்தில், கறுப்பு மெருகேறி நிற்கிறது. அம்முதியோரைக் கொடியவர் எனச் சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் அது கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகும். டாலிலின் தொண்டூழியரிடம் இருந்த அதே பற்று, இழந்த தோழரை எண்ணும் அதே உருக்கம், தம் கைப்பொருளைச் செலவிடும் அதே தாராளம் இவர்களிடமும் இருந்திருக்கலாம். இருந்தும், அந்த மெருகின் எந்த இடத்திலும் பாதை இட்டவரின் சுவடு இல்லை.

அதே 1979-இல் திரும்பிய மற்றோர் இயந்திரம், 44-ஆம் எண்ணுடையது, ஓய்கவா என்னும் மலைப்பாதையில் மீண்டும் ஓடலாயிற்று. 2007 முதல் சில ஆண்டுகள் அது தாய்லாந்து இரயில்வேயின் வண்ணம் பூண்டது. 2015-இல் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசி, முகமும் பொருத்தி, ஆட்ரி பாதிரியாரின் கதையில் வரும் ஜேம்ஸ் ஆக்கினர். ஆக, ஜப்பானியக் கறுப்புக்கு ஒரு நாள், தாய்லாந்து வண்ணத்துக்கு ஒரு நாள், கதைச் சிவப்புக்கு ஒரு நாள் கிடைத்தன. 1943-க்கு மட்டும் வண்ணம் இல்லை.

குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டுமா என்று கேட்போர் உண்டு. வேண்டியதில்லை. சிவப்பு இயந்திரத்தைக் கண்டு கையசைக்கும் பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை. ஓடும் இயந்திரத்தை நிறுத்திவிடுவதாலும் மாண்டவருக்கு நன்மையில்லை. சாவுக்கு ஏற்ற வண்ணம் எதுவென்று எந்தத் தச்சரும் அறியார். ஆனால் நிரப்ப இயலாத இடத்தில் புள்ளியிடலாம். இவ்வியந்திரம் 1936-இல் செய்யப்பட்டது, போர்க்காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் சென்ற 90-இல் ஒன்று, அவ்விரு நாடுகளையும் இணைத்த பாதையை இடுகையில் மலாயாத் தோட்டத் தமிழரும் பிறரும் பெயர் தெரியாமல் மாண்டனர் என்று எழுத ஒரு முழ நீளப் பலகை போதும். அதனைச் செதுக்கக்கூடிய தச்சர் எந்தத் தொண்டூழியர் குழுவிலும் ஒருவராவது இருப்பார்.