உலகமயமாக்கலும் நிலைபேறும்: மலை கேட்கும் கடன்

இந்து தர்மம் மனிதனைப் பிறப்பிலேயே கடன்பட்டவனாகக் கொள்கின்றது. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் அவன் தீர்க்க வேண்டிய கடன்களை வேத நூல்கள் பேசுகின்றன. இல்லறத்தான் நாள்தோறும் இயற்ற வேண்டிய ஐந்து யக்ஞங்களுள் பூத யக்ஞம் பிற உயிர்களுக்கும், மானுட யக்ஞம் சக மனிதர்க்கும் உரியவை. உண்பதற்கு முன் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்கும் பாட்டியின் செயலில் இவ்வறமே அடங்கியிருக்கின்றது. எடுத்தவன் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எடுப்பவன் பிறர் பொருளை உண்பவன் ஆவான்.

இன்று மேடைகளிலும் பாடசாலைப் புத்தகங்களிலும் இரண்டு சொற்கள் அடிக்கடி ஒலிக்கின்றன. ஒன்று உலகமயமாக்கல். மற்றையது நிலைபேறான அபிவிருத்தி. முதலாவது, உலகம் முழுவதையும் ஒரே சந்தையாக்குவது. இரண்டாவது, இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளைய தலைமுறையின் வாழ்வைக் கெடுக்காதிருப்பது. ஐக்கிய நாடுகள் அமைத்த புருண்ட்லாண்ட் ஆணைக்குழுவின் 1987ஆம் ஆண்டு அறிக்கை இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. இரண்டும் நல்ல சொற்களாகவே தோன்றுகின்றன. ஆனால் அறத்தின் கண்கொண்டு நோக்குவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவற்றின் செலவை ஏற்பவர் யார்?

பெயர் வருமுன் வந்த உலகமயம்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா மலைகளுக்கு உலகமயமாக்கல் கணினியோடும் கைத்தொலைபேசியோடும் வரவில்லை. அது கோப்பிச் செடியோடு வந்தது. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை மலைக்காடுகளை விழுங்கிக்கொண்டு மேலேறியது. தமிழகத்தில் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் வாடிய மக்கள் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தனர். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோர் பலர்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் தோன்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. இதற்குள் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. மலையில் பறித்த கொழுந்தின் விலையை மலையைக் காணாதவர்கள் தீர்மானிக்கும் முறை இவ்வாறு வேரூன்றியது. இலண்டனில் விலை விழுந்தால் லயத்தில் அடுப்பு அணைந்தது.

பொருளுக்குத் திறந்த எல்லைகள் அதனை விளைவித்த மக்களுக்குத் திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அவர்கள் நாடற்றவர்களாயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு அரசுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு எனவும், 3,00,000 பேர் இலங்கைக்கு எனவும் கணக்குப் போடப்பட்டது. இந்திய வம்சாவளியினருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிய பின்னரே இந்நெடுங்கதை முடிவை நெருங்கியது. தேயிலை உலகெங்கும் இலங்கையின் பெயரோடு சென்றுகொண்டிருந்த காலமெல்லாம், அதைப் பறித்த கைகளுக்கு அப்பெயரில் பங்கு இருக்கவில்லை.

மலையும் நீரும்

மனிதரைப் போலவே மலையும் கொடுத்தது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873இல், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்குமாறு ஆலோசனை கூறினார். உச்சிக்காடு அழிந்தால் ஊற்று வற்றும் என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. அவ்வாலோசனையின் பின் எஞ்சியவற்றுள் ஹோர்ட்டன் சமவெளி முதலிய உயர்நிலக் காடுகள் அடங்கும். அதற்குக் கீழே சரிவுகளெல்லாம் தோட்டங்களாயின. கான் வெட்டாத, நிழல் மரமில்லாத, தேயிலைத் தூர்கள் பட்டுப்போன சரிவில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைக் கழுவிச் செல்கின்றது.

கழுவப்பட்ட மண் வேறெங்கும் போவதில்லை. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கின்றது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கையாகின்றன. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களின் அடியில் படிவது இம்மலைகளின் மண்ணே. நாட்டின் பல பாகங்களில் எரியும் மின்விளக்குகள் இந்நீரால் எரிகின்றன. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1960களில் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த இந்துக் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக வெளித்தோன்றுவதை இன்றும் மக்கள் சென்று பார்க்கின்றனர். நாடு பெற்ற ஒளிக்கு ஓர் ஊர் தன் தெய்வங்களின் இருப்பிடத்தையே கொடுத்தது என்பதற்கு அக்கற்கள் சாட்சி.

2021 தந்த பாடம்

நிலைபேறு என்ற சொல்லாலும் துன்பம் வரக்கூடும் என்பதை அண்மைக்காலம் உணர்த்தியது. 2021 ஏப்ரல் இறுதியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. மே மாதத்தில் தடை நடைமுறைக்கு வந்தது. மக்களின் ஆரோக்கியமும் மண்ணின் நலமும் காரணங்களாகக் கூறப்பட்டன. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்ததும் மறைக்க முடியாத காரணமாகும்.

இயற்கை உரம் நல்லதே. ஹப்புத்தளைப் பகுதியின் இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1980களின் பிற்பகுதியிலிருந்தே இயற்கை முறையில் தேயிலை விளைவித்து வெளிநாடுகளில் விற்று வந்துள்ளது. ஆனால் அது ஆண்டுக்கணக்கான ஆயத்தத்தின் விளைவு. வாரந்தோறும் கொழுந்து பறிக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தும் கூடையோடு போகின்றது. யூரியா மூடை ஒன்றிலுள்ள தழைச்சத்தை ஈடுசெய்யப் பல மடங்கு கூட்டெரு வேண்டும். அதைச் செய்ய மாடும் தழையும் இடமும் வேண்டும். செங்குத்தான மலைக்கு அதைச் சுமந்து செல்ல ஆளும் வேண்டும். இவை ஒன்றும் ஆயத்தமாகாத நிலையில் வந்த தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதும், பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியில் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. எரிபொருள், மின்சாரத் தட்டுப்பாடும் இதற்குத் துணைபோயின.

இவ்விழப்பு எங்கே போய்த் தங்கியது என்பதே நோக்கத்தக்கது. நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச் மாதத்தில் நாட்கூலி 1000 ரூபாவாகியிருந்தது. குறித்த கிலோ பறித்தாலே முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உரமில்லாத தூரில் கொழுந்து எங்கிருந்து வரும்? காலை முதல் மாலை வரை அட்டைக்கடியிலும் மழையிலும் மலையேறி இறங்கிய பெண், தன் குற்றம் சிறிதுமின்றி அரைப்பேருடன் வீடு திரும்பினாள். அவள் கூலியை ரூபாவின் வீழ்ச்சியும் அரிசி விலையும் மறுபடி பாதியாக்கின.

உயர்ந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு காரியத்தின் செலவு, அந்நோக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கப்படாத ஒருத்தியின் தலையில் இறங்கியது. அவ்வாறு இறங்கும் நிலைபேறு அறமாகாது.

கைமாற்ற முடியாதவர்கள்

தோட்ட நிருவாகங்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். 1972இலும் 1975இலும் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் கம்பனிகளின் முகாமைத்துவத்தில் உள்ளன. விலையைத் தீர்மானிப்பது தோட்டமல்ல, ஏலம். உற்பத்திச் செலவில் பெரும் பகுதி கூலி. பிற நாட்டுத் தேயிலை மலிவாகக் கிடைக்கும்போது வாங்குபவர் அங்கே போய்விடுவர் என அவை கூறுகின்றன. இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மூடிய தோட்டத்தில் எவருக்கும் கூலியில்லை.

ஆயினும் இவ்வாதத்தை இறுதிவரை தொடர்ந்து சென்றால் ஓர் உண்மை புலப்படும். வெளிநாட்டுக் கடைக்காரர் விலைக்குறைப்பை இறக்குமதியாளர் மீது ஏற்றுகின்றார். இறக்குமதியாளர் ஏலத்தின் மீதும், ஏலம் தோட்டத்தின் மீதும் ஏற்றுகின்றன. தோட்டமோ தொழிலாளி மீதும் மண் மீதும் ஏற்றுகின்றது. அதற்குக் கீழே எவருமில்லை. கொழுந்து பறிப்பவள் தன் செலவை ஏற்றி வைக்க இன்னொரு தோள் கிடையாது. மண்ணுக்கும் அப்படியே. ஆகவே கூலி குறைவதும் மண் மெலிவதும் வெவ்வேறு பிரச்சினைகளல்ல. சுமையைக் கைமாற்ற இயலாத இருவரிடம் அச்சுமை சென்று சேர்வதே இரண்டுக்கும் மூலம். 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில், நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர் வறியவராயிருக்க, தோட்டத்துறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் வறியவராயிருந்தமை இதனாலேயே வியப்பளிக்கவில்லை.

இன்று தேயிலைப் பெட்டிகளில் சுற்றாடல் சான்றிதழ்களின் முத்திரைகள் காணப்படுகின்றன. அவற்றால் நன்மை இல்லாமலில்லை. நச்சு மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டன; ஓடைக்கரைகளில் மரங்கள் நடப்பட்டன. ஆனால் முத்திரையைப் பார்த்து மனநிறைவோடு தேநீர் அருந்துபவர், அதற்கென ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுக்க மறுத்தால், தூய்மையை அவர் பெறுகின்றார். அதன் செலவை மலை ஏற்கின்றது.

தூருக்கு ஓய்வு, மனிதனுக்குக் காணி

மலையக முன்னோர் இக்கடனை அறிந்திருந்தனர். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்கும், கொழுந்துக்காகக் கொழுந்துச் சாமிக்கும், தொழிற்சாலை இயந்திரத்துக்காக ரோதை முனிக்கும் பூசை வைத்தனர். வேறெங்கும் காணாத இத்தெய்வங்கள் தோட்ட வாழ்விலேயே பிறந்தவை. வெட்டுப்படும் செடியிடமும் சுழலும் இயந்திரத்திடமும்கூட அனுமதியும் பொறுப்பும் கேட்ட மனம் அது. கொழுந்தை வெறும் பண்டமாக அது காணவில்லை.

தேயிலைச் செய்கையிலும் இதே நியதி உண்டு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, தூர் மீண்டும் தளிர்க்க அவகாசம் அளிக்கப்படுகின்றது. வெட்டிய மிலாறும் இலையும் மண்ணுக்கே உரமாகின்றன. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே புதுக்கன்று நடுவதில்லை. ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மானாப்புல் அல்லது குவாட்டமாலாப் புல் வளர்த்து, மண்ணைத் தேற்றிய பின்னரே நடவேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறை. களைத்த மண்ணுக்கு வருமானம் ஏதும் கேளாமல் இரண்டாண்டு ஓய்வு கொடுக்க அறிவு இசைகின்றது. முப்பது ஆண்டு மலையேறிக் களைத்த மனிதனுக்கு அவ்வறிவு என்ன கொடுத்தது? பெரும்பாலும் அவர் குடியிருக்கும் காம்பரா கூட அவருடையதன்று.

சொந்தக் காணியின்மை வெறும் பத்திரப் பிரச்சினையன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். விலகிச் செல் என்று சொல்வது எளிது. செல்ல ஒரு துண்டு நிலமில்லாதவர் எங்கே செல்வார்? வெப்பமடையும் உலகிற்குப் புகையைப் பெருமளவில் கொடுத்தவை செல்வ நாடுகள். அதன் மழையை ஏற்றவை லயத்துக் கூரைகள். இங்கும் கடன்பட்டவர் ஒருவர், தீர்த்தவர் வேறொருவர்.

ஆலயத்தின் பங்கு

இக்கேள்வி பிறரை நோக்கி மட்டும் கேட்கப்பட்டால் அது முறைப்பாடாக முடிந்துவிடும். அறமாவதற்கு அது தன் பக்கமும் திரும்ப வேண்டும். லயத்தின் பின்னே மரக்கறி பயிரிடுவோர் விளைச்சலை விரும்பி அளவுக்கு மிஞ்சி மருந்தடித்தால், மழையில் அது கீழேயுள்ள பீலிக்கு இறங்குகின்றது. அந்நீரைக் குடிக்கும் குழந்தை அவர்கள் இலாபத்தின் செலவை ஏற்கின்றது. திருவிழா முடிந்த மறுநாள் ஓடையில் கிடக்கும் பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் தட்டுகளும் அவ்வாறானவையே. அம்மனின் பெயரால் நிகழ்ந்தாலும் கடன் கடனே.

தோட்டத்து ஆலயங்கள் பெரும் செல்வந்தரால் எழுந்தவையல்ல. சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட சந்தாப் பணத்தில், திருவிழாவுக்கென ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த பங்கில் எழுந்தவை. எல்லோரும் சமமாகச் சுமந்தால் எவர் தோளும் ஒடிவதில்லை என்பதற்கு உலகம் கற்கத்தக்க உதாரணம் இது. அதே வழியில் ஆலயத்தார் ஊற்றுக்கண்ணைச் சுற்றி நாட்டு மரங்களை நடலாம். வாழையிலையில் அன்னதானம் வழங்கலாம். சரிவில் வெடிப்புக் கண்டால் உடனே அறிவிக்க இளைஞர் குழு அமைக்கலாம். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்து அனுப்பும் பிள்ளைகளின் நன்கொடையில் ஒரு பகுதியை, கோபுரத்து வர்ணத்தோடு சேர்த்து, மாணவர் கல்விக்கும் ஒதுக்கலாம்.

உலகச் சந்தையை மூடிவிட முடியாது. தேயிலை உலகெங்கும் செல்ல வேண்டும். அதனால்தான் மலையில் அடுப்பு எரிகின்றது. வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு திட்டமும் சான்றிதழும் ஒப்பந்தமும் வரும்போது, இதன் சுமை கடைசியாக எவர் தோளில் இறங்கும் என்று முதலில் கேட்கப்பட வேண்டும். அத்தோளுக்குரியவரிடமும் கேட்கப்பட வேண்டும். மண்ணும் அதை மிதித்து நடக்கும் பாதங்களும் ஒருங்கே தழைக்கும் நாளே மலையின் கடன் தீரும் நாள். அந்நாள் விரைவில் புலர, மலைகாக்கும் அன்னை அருள்புரிவாளாக.