சொல்லாமல் ஊட்டுதல்

உணவைப் பகிர்வதே அறத்தின் முதற் பாடமாக எமக்குச் சொல்லித்தரப்பட்டது. வந்தவரைப் பட்டினியாக அனுப்பக் கூடாது, இருப்பதைப் பங்கிட வேண்டும், பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுத்த பின்னரே உண்ண வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். உண்பவருக்கு அவர் எதை உண்கிறார் என்று சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எவரும் சொல்லித்தரவில்லை. அதற்கான தேவை இருக்கவில்லை. சோறு சோறாகவும் கறி கறியாகவும் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ரொறன்ரோவில், எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஒரு சிறிய பட்டர்ப் பெட்டி, அந்தப் பாடத்தில் ஒரு பகுதி குறைந்திருப்பதை எமக்குக் காட்டியது. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

அது கஞ்சா சேர்த்த பட்டர். எமது மகன் செய்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தார். வாந்தியும் பசியின்மையும் அவரை வாட்டின. புகைக்க அவரால் இயலாது. தன் வைத்தியரோடு பேசிய பின், கேக்கில் சேர்த்து உண்டு பார்க்க அவரே விரும்பிக் கேட்டார். சட்டத்திலும் தடையில்லை. கனடாவில் 1923ல் தடைப் பட்டியலில் ஏறிய கஞ்சா, 2018 ஒக்ரோபர் 17ல் வயது வந்தவர்களுக்குச் சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். வீட்டுத் தேவைக்கு உணவிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

கஞ்சாவின் மயக்கும் கூறு பச்சைப் பூவில் அநேகமாக உறங்கியே கிடக்கிறது. சூடு பட்டால்தான் அது விழிக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே உலர்ந்த பூவை உதிர்த்து, அவணில் மெல்லிய சூட்டில் வைத்து, பின் உருகிய பட்டரில் கொதிக்கவிடாமல் மணித்தியாலக் கணக்கில் காய்ச்சி, துணியில் வடித்து ஆறவிடுகிறார்கள். இந்த முறை எமக்கு அந்நியமானதல்ல. மூலிகையை நெய்யில் காய்ச்சி லேகியம் கிண்டிய பரியாரிமாரின் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சாவுக்கு இடமுண்டு. இலங்கையின் ஆயுர்வேத வைத்தியத்தில் மதன மோதகம் என்ற மருந்தில் அது சேர்கிறது. ஆனால் பரியாரி தந்த லேகியம் லேகியமாகவே தெரிந்தது. கறுப்பாக, கசப்பாக, சுண்டைக்காய் அளவில், பத்தியத்தோடு வந்தது. பட்டரோ காலைச் சாப்பாட்டின் முகத்தோடு இருந்தது. கொஞ்சம் பச்சை நிறம், அவ்வளவுதான்.

2022ம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, எமது வீட்டிலிருக்கும் அம்மா அதை எடுத்துப் பாணில் பூசிச் சாப்பிட்டுவிட்டார். அவருக்கு அப்போது 81 வயது. பச்சை நிறத்தைக் கண்டு, கடையில் விற்கும் உள்ளியும் இலையும் சேர்த்த பட்டர் என்று நினைத்திருக்கிறார். உண்ட கஞ்சா புகைத்ததைப் போல் உடனே தலைக்கேறுவதில்லை. வயிற்றுக்குள் போய், ஈரலில் இன்னும் வலுவான ஒன்றாக மாறி, அரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலம் வரை கழித்தே வேலை செய்யத் தொடங்கும். பிறகு பல மணித்தியாலங்கள் இறங்காது. ஒன்றும் தெரியாததால் அம்மா இரண்டாவது துண்டும் சாப்பிட்டார்.

பத்து மணியளவில் கதிரையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, "சனமெல்லாம் பாலம் கடந்திட்டுதோ?" என்று கேட்டார். எந்தப் பாலம் என்று நாம் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்த அந்த இரவில், நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றவர் அவர். இருபத்தாறு ஆண்டுகளில் எம்மோடு அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. இப்போது ஸ்காபரோவின் பனிக்குள் இருந்துகொண்டு, தவறிப்போன ஒரு பையைத் தேடினார். எவருடையவோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இதயம் ஓடுகிற ஓட்டத்தைக் கையால் தொட்டே அறிய முடிந்தது.

அம்புலன்ஸை அழைத்தோம். வைத்தியசாலையில் தாதி கேட்ட முதற் கேள்வி, "காலையில் என்ன சாப்பிட்டார்?" என்பது. நாம் பாணும் தேநீரும் என்றோம். அதற்குள் எமக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பட்டர்ப் பெட்டி மேசையில் திறந்து கிடந்ததைக் கண்டிருந்தோம். இருந்தும் சொல்லவில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அந்தச் சொல்லைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றோம். பின்னால் ஓடிவந்த மகன்தான் சொன்னான். தாதி ஆச்சரியப்படவில்லை. குறித்துக்கொண்டு, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அதற்கு எவரிடமும் பதிலில்லை. வீட்டில் காய்ச்சிய பட்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு கரண்டியில் சிறிதும் இன்னொன்றில் பன்மடங்கும் இருக்கலாம். மாலைக்குள் அம்மா தெளிந்தார். தெளிந்ததும் கேட்டது இதைத்தான்:

"ஏன் பிள்ளை, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவர் கஞ்சாவைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்லாததைப் பற்றியே கேட்டார். ஏன் சொல்லவில்லை? பெட்டியில் பெயர் எழுதியிருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் காண்பார்கள். அம்மா கோயிலில் எவரிடமாவது சொல்லிவிடுவார். "அவையின்ரை பெடியன்" என்று கதை தொடங்கும். சட்டம் அனுமதித்த ஒன்றை நாம் எமது மானத்துக்காக மறைத்தோம். மறைத்த வெட்கம் எமது. அதன் விலையைக் கொடுத்தது அவரது இதயம்.

கடையில் விற்கும் கஞ்சா உணவு 2019 ஒக்ரோபரிலிருந்தே கனடாவில் சட்டபூர்வமாக இருக்கிறது. ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் மயக்கும் கூறு இருக்கக் கூடாது. பொதியைப் பிள்ளைகள் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும். எச்சரிக்கை அச்சிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு, தெரியாமல் உண்டு வைத்தியசாலைக்கு வரும் சிறு பிள்ளைகளின் தொகை ஒன்ராறியோவில் கூடியது. கியூபெக் மாகாணம் கஞ்சா சேர்ந்த இனிப்புகளையும் சொக்கிலேற்றையும் விற்க இடம் கொடுக்கவில்லை. வீட்டுப் பெட்டிக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் இல்லை. அங்கு நாமே சட்டம். அரசு ஒன்றை அனுமதித்தவுடன் எமது பொறுப்பும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்குதான் அது தொடங்குகிறது.

சான்பிரான்சிஸ்கோவில் மேரி ஜேன் ராத்பன் என்றொரு மூதாட்டி இருந்தார். 'பிரௌனி மேரி' என்றே அவரை அறிந்தார்கள். உணவகங்களில் பரிமாறி வாழ்ந்த அவர், 1980களில் எயிட்ஸ் நோயால் உடல் உருகிக்கொண்டிருந்த இளைஞர்களுக்குக் கஞ்சா சேர்த்த பிரௌனிகளைச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1981, 1982, 1992 என மூன்று முறை கைது செய்யப்பட்டார். 1996ல் கலிபோர்னியா மக்கள் மருத்துவத் தேவைக்கான கஞ்சாவுக்கு ஆதரவாக வாக்களித்ததில் அவரது பெயருக்கும் பங்குண்டு. 1999ல் காலமானார். எம்மை அவரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கூசினோம். சட்டம் அவருக்கு எதிராக இருந்தது. ஆனால் அவர் கையால் உண்டவர்கள் எதை உண்கிறோம் என்று அறிந்தே உண்டார்கள். சட்டம் எமது பக்கம் இருந்தது. எமது வீட்டில் உண்டவருக்கு ஒன்றும் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். மூன்று நாட்களுக்குப் பின், அன்றிரவு தன் முழங்கால்கள் நோகவில்லை என்று அம்மா தற்செயலாகச் சொன்னார். பல ஆண்டுகளாக இரவில் அவரை எழுப்புகிற நோ அது. வீட்டில் அன்றே பேச்சு எழுந்தது. கேட்டால் மாட்டேன் என்பார். கஞ்சா என்ற சொல்லே போதும். ஆனால் மிகச் சிறிய அளவில், பின்னேரத் தேநீரோடு கொடுக்கும் கேக்கில் கலந்தால் என்ன? சின்ன வயதில் எமக்குப் பூச்சி மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டியவர்தானே அவரும்?

இந்தக் கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. அன்புதான் அப்படிக் கேட்க வைத்தது. இரவில் ஒருவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு அதன் கனம் தெரியும். ஆனால் வாழைப்பழம் விழுங்கிய நாம் குழந்தைகள். மறுப்பதற்கு எமக்குக் காரணம் இருக்கவில்லை. அம்மாவுக்கு 81 ஆண்டுகளின் காரணங்கள் இருந்தன. அந்தப் பாலத்தை மீண்டும் ஒருமுறை அவர் கடக்க நேர்ந்தால், சிறிய அளவு என்று நாம் போட்ட கணக்கு என்ன பதில் சொல்லும்? எங்கு போவது, எப்போது எழும்புவது, எதை விட்டுவிட்டு வருவது என்பதையெல்லாம் அவரைக் கேளாமலே மற்றவர்கள் தீர்மானித்த வாழ்க்கை அது. அவர்களிற் சிலர் அவரது நன்மைக்கே என்றும் சொன்னார்கள். அந்த வரிசையில் எமது கேக்கையும் சேர்க்க மனம் வரவில்லை.

எனவே கேட்டோம். எல்லாவற்றையும் சொன்னோம்: எதற்காகச் செய்தது, எப்படிச் செய்தது, என்ன நன்மை, என்ன ஆபத்து, வைத்தியரிடம் கேட்டு வேறு வழி பார்க்கலாம் என்பதையும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நோவோடை இருந்து பழகிட்டன் பிள்ளை. அண்டைக்கு இருந்த மாதிரி இன்னொருக்கா இருக்கேலாது."

அந்த மறுப்பு எமக்கு இலேசாக இல்லை. இன்றும் சில இரவுகளில் அவர் எழுந்து நடப்பது கேட்கிறது. தைலம் தேய்த்துவிடுகிறோம். செய்ய முடிந்திருக்கக் கூடிய ஒன்றைச் செய்யாமல் இருக்கிறோம் என்பதும் தெரியும். உறவினர் சிகிச்சை முடிந்து தேறிவிட்டார். அதுவரை அந்தப் பட்டர் எமது வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பெயரை அம்மாவே எழுதினார், தமிழில், பெரிய எழுத்துக்களில். எழுத்துப்பிழை வந்துவிடுமோ என்று எம்மிடம் ஒருமுறை கேட்டும்கொண்டார்.