காலணியும் முக்காடும்

பர்மாவின் யாங்கூன் நகரிலுள்ள ஷ்வேடகான் பகோடாவுக்கு நான்கு திசையிலிருந்தும் கூரை போட்ட படிக்கட்டுகள் ஏறுகின்றன. இருபுறமும் பூ, ஊதுவத்தி, மரப்பொம்மை விற்கும் கடைகள். முதல் படியில் கால் வைக்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் பலர் தயங்குவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். காலுறையையும் கழற்றச் சொல்வார்கள். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், அன்றுதான் வாங்கியதாக இருந்தாலும் விலக்கு இல்லை. முழங்கால் தெரியும் உடையில் வந்தவர்கள் வாசலிலேயே ஒரு லுங்கி வாங்கிச் சுற்றிக்கொண்டு மேலே போகிறார்கள். மேல்தளம் முழுக்கப் பளிங்கு. உச்சி வெயிலில் அந்தப் பளிங்கின் சூடு என்னவென்று வெறுங்கால் சொல்லும். சுற்றி வருகிறவர்கள் நிழலும் பாய் விரித்த இடமும் பார்த்து அடியெடுத்து வைப்பார்கள்.

2012 நவம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமா அந்தப் பளிங்கில் வெறுங்காலோடு நடந்தார். தான் பிறந்த கிழமைக்குரிய இடத்தில் நின்று புத்தர் சிலைக்கு நீர் ஊற்றினார். உடன் வந்த ஹிலாரி கிளின்டனின் காலிலும் செருப்பில்லை. அன்று எடுத்த படங்களில் கவனிக்க வேண்டியது அந்தப் பாதங்களைத்தான். பர்மாவில் அந்நியரின் காலணி ஒரு காலத்தில் அரசியலையே புரட்டிப்போட்ட விஷயம்.

பர்மிய மன்னரின் அவைக்குள் யார் போனாலும் காலணியைக் கழற்ற வேண்டும். நாற்காலி கிடையாது, தரையில் உட்கார வேண்டும். பாதம் அரசரை நோக்கி நீளக் கூடாது என்பதால் காலைப் பின்னால் மடித்துக்கொள்ள வேண்டும். இறுக்கமான கால்சட்டை போட்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அது பெரிய அவஸ்தை. ஆனாலும் பல பத்தாண்டுகள் அவர்கள் அதற்கு உடன்பட்டே வந்தார்கள். 1867-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஆல்பர்ட் ஃபைட்ச் மாண்டலே அரண்மனையில் அப்படி உட்கார்ந்துவிட்டுத்தான் மிண்டோன் மன்னரோடு வணிக ஒப்பந்தம் முடித்தார். 1875-இல் டக்ளஸ் ஃபோர்சைத் தூது போனபோதும் அதே முறைதான். அதன்பின் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு, இனிமேல் பிரிட்டிஷ் பிரதிநிதி காலணியைக் கழற்றக் கூடாது என்று முடிவெடுத்தது. மிண்டோன் இறங்கி வரவில்லை. மாண்டலேயில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு அதற்குப்பின் மன்னரின் முகத்தைப் பார்க்கவே வாய்க்கவில்லை. நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டிய காரியமெல்லாம் அமைச்சர்கள் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போனது. 1879-இல் அந்தப் பிரதிநிதியும் திரும்ப அழைக்கப்பட்டார்.

1885-இல் பிரிட்டிஷார் பர்மா மீது தொடுத்த போருக்குக் காலணிதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. தேக்கு வியாபாரத் தகராறு இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் மாண்டலேக்கு நெருங்கி வருகிறார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் பேச்சுவார்த்தைக்கான கதவை மூடியதில் காலணிக்குப் பெரிய பங்கு உண்டு. போர் முடிந்ததும் கடைசி மன்னர் திபோவைக் கப்பலேற்றி முதலில் கொண்டுவந்த இடம் சென்னை. சில மாதம் இங்கே வைத்திருந்துவிட்டு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916-இல் அங்கேயே அவர் இறந்தார்.

இதில் மனத்தை உறுத்துவது வேறொன்று. பர்மிய அவையில் காலணியைக் கழற்றுவது இழிவு என்ற அதே அரசு, இந்தியாவில் தன் தர்பாருக்கு வரும் இந்தியர்களின் செருப்பை வாசலில் கழற்ற வைத்தது. 1854-இல் ஒரு சலுகை வந்தது: ஐரோப்பிய பாணி ஷூ அணிந்த இந்தியர் அதோடு உள்ளே வரலாம், நாட்டுச் செருப்பு போட்டவர் கழற்றத்தான் வேண்டும். ஆக, வெறுங்கால் மரியாதையா அவமானமா என்பதை அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்களே தீர்மானித்தார்கள்.

அரண்மனை போனது, பகோடா நின்றது. ஷ்வேடகான் 1852 முதல் 1929 வரை பிரிட்டிஷ் ராணுவத்தின் பிடியில் இருந்தது. பர்மிய மக்கள் வெறுங்காலோடு மண்டியிட்டு வணங்கும் தளத்தில் ஐரோப்பியர்கள் பூட்ஸ் சத்தத்தோடு நடந்தார்கள். எங்கள் ஊரில் மரியாதை என்றால் தொப்பியைக் கழற்றுவது, அதைத்தான் செய்கிறோமே என்றும் சிலர் வாதம் பேசினார்கள். மரியாதையைப் பெற்றுக்கொள்பவருக்கு அது மரியாதையாகப் படவில்லை என்றால் செலுத்தியவர் தன் மனத்தைத்தான் திருப்திப்படுத்திக்கொண்டார் என்று அர்த்தம். 1906-இல் தொடங்கிய இளைஞர் பௌத்த சங்கம் முதல் உலகப் போர்க் காலத்தில் இதைப் பெரிய இயக்கமாக்கியது. பெரும் பண்டிதரான லெடி சயாடோ, பகோடாவில் காலணி அணிவது தகாது என்று ஒரு நூலே எழுதினார். 1919-இல் மாண்டலேயின் எயிண்டோயா பகோடாவில் காலணியோடு வந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கினார்கள். அவர்களின் தலைவரான ஊ கெத்தயாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கடைசியில், அந்தந்த விகாரையின் தலைமைப் பிக்குவே உடை விதியை முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கி வந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பியர்கள் பலர் பகோடாவுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். காலணியைக் கழற்றுவதைவிட ஷ்வேடகானைப் பார்க்காமல் இருப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இந்தக் கதையில் நியாயம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. அந்தத் தளத்தில் அமைச்சரும் வெறுங்கால், கூட்டுகிறவரும் வெறுங்கால். தாங்கள் விரும்பிச் செய்வதையே மக்கள் விருந்தாளியிடமும் கேட்டார்கள். புத்தரை நம்பு என்று யாரும் கேட்கவில்லை.

எல்லா ஊரிலும் வழக்கு இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

2017 டிசம்பரில் சவூதி அரேபியாவின் ரியாத்தில் உலக ரேபிட், பிளிட்ஸ் விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்தது. 48 வயதில் விஸ்வநாதன் ஆனந்த் ரேபிட் பட்டம் வென்றார், சென்னை மகிழ்ந்தது. அதே போட்டிக்கு உக்ரைனின் அன்னா முசிசுக் வரவில்லை. முந்தின ஆண்டு தோஹாவில் ரேபிட், பிளிட்ஸ் இரண்டிலும் உலகப் பட்டம் வென்றிருந்தவர் அவர். ஆடும் அரங்கில் முக்காடு வேண்டாம், அடர்நிறக் கால்சட்டையும் கழுத்தை மூடிய வெள்ளைச் சட்டையும் போதும் என்று அமைப்பாளர்கள் தளர்த்தியிருந்தார்கள். அரங்குக்கு வெளியே? உடலை மறைக்கும் அபாயா அங்கி அணிந்து, துணைக்கு ஆள் வைத்து நடமாட மனமில்லை என்று சொல்லி இரண்டு பட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். அவர் முக்காடே போடாதவரும் அல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில் டெஹ்ரானில் நடந்த பெண்கள் உலக சாம்பியன் போட்டியில் முக்காட்டோடுதான் இறுதிச் சுற்றுவரை ஆடினார். நம் ஹரிகா துரோணவல்லி அங்கே அரையிறுதிக்குப் போனதும் முக்காட்டோடுதான். துப்பாக்கி சுடும் வீராங்கனை ஹீனா சித்து 2016-இலும், சதுரங்க வீராங்கனை சௌம்யா சுவாமிநாதன் 2018-இலும் இதே முக்காட்டு விதிக்காக ஈரான் போட்டிகளிலிருந்து விலகினார்கள்.

போனவரும் சரி, விலகியவரும் சரி, பெண்களே. அதே ரியாத்தில் ஆனந்துக்கு உடை ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. காலணிக் கதைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பகோடாவின் விதி எல்லாப் பாதங்களுக்கும் பொது. இது பாதிப் பேர் மீது மட்டும் விழுகிறது, அதுவும் காவல்துறை வழியாக.

மரபு என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஈரானில் 1936-இல் மன்னர் ரேஸா ஷா முக்காட்டைத் தடை செய்தார். தெருவில் காவலர்கள் பெண்களின் தலைத்துணியை இழுத்துப் பறித்தார்கள். அந்த அவமானத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராமலே இருந்த பெண்கள் உண்டு. 1979 புரட்சிக்குப் பிறகு, 1983-இல் அதே துணி சட்டப்படி கட்டாயமானது. ஐம்பது ஆண்டுக்குள் இரண்டு ஆட்சிகள் இரண்டு நேரெதிர் விதிகளைப் போட்டன, இரண்டையும் நிறைவேற்றியது காவல்துறை. சவூதியோ ரியாத் போட்டி முடிந்து இரண்டே ஆண்டில், 2019 செப்டம்பரில், சுற்றுலா விசாவைத் திறந்துவிட்டது. அடக்கமான உடை போதும், வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணியத் தேவையில்லை என்று அறிவித்தது. ஆட்சியாளர்கள் ஒரே அறிவிப்பில் தளர்த்த முடிந்த ஒன்றைப் பண்பாட்டின் ஆணிவேர் என்று விருந்தாளி நம்பிவிடக் கூடாது.

அப்படியானால் போகாமல் இருப்பதுதான் சரியா? இதற்கு அந்த மண்ணின் பெண்களிடம்தான் காது கொடுக்க வேண்டும். டெஹ்ரான் போட்டியைப் புறக்கணிக்கும்படி அமெரிக்க வீராங்கனை நாஸி பைகிட்ஸே 2016-இல் குரல் கொடுத்தபோது, ஈரானிய வீராங்கனை மித்ரா ஹெஜாஸிபூர் அதை ஏற்கவில்லை. புறக்கணித்தால் இங்கே பெண்கள் விளையாட்டுக்குத்தான் அடி விழும் என்றார். 2019 இறுதியில் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் அதே மித்ரா தன் முக்காட்டைக் கழற்றிவிட்டு ஆடினார். தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார். பிரான்சுக்குப் போய்விட்ட அவர் 2023-இல் அந்நாட்டின் பெண்கள் சாம்பியனானார். ஹரிகாவையும் சௌம்யாவையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பு எழுதத் துடிப்பவர்கள் முதலில் மித்ராவைப் பார்க்க வேண்டும். வாருங்கள் என்றதும் அவர்தான், கழற்றியதும் அவர்தான். இரண்டு முறையும் அவர் பேசியது தன் நாட்டுப் பெண்களுக்காக.

2022 செப்டம்பரில் முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி காவலில் இறந்தார். ஈரான் கொந்தளித்தது. இன்று டெஹ்ரானில் இறங்கும் ஒரு பெண் பயணி விமானத்திலேயே துணியைத் தலையில் போட்டுக்கொள்வதில் பிழை இல்லை. சட்டம் அப்படி இருக்கிறது, மீறினால் வரும் தொல்லை அவரோடு நிற்காமல் அவரை அழைத்துப் போகும் உள்ளூர் வழிகாட்டியின் பிழைப்பையும் தொடக்கூடும். ஆனால் அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து, ஈரானியப் பண்பாட்டுக்குத் தன் வணக்கம் என்று எழுதி வெளியிடும் முன் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதைப் பார்க்கப்போகும் ஈரானியப் பெண்களில் அதே துணிக்காகக் காவல் வண்டியில் ஏற்றப்பட்டவர்களும் இருப்பார்கள்.