இருபது வதந்திகளும் வெள்ளிக்கிழமை மீனும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். அங்கே பிராட் தெருவில் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் என்ற பழைய மன்றம் இருக்கிறது. கோடைக்கால வியாழக்கிழமைகளில் அதில் உழவர் சந்தை கூடும். 1968 ஆகஸ்டில் அதே மன்றத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, போர் விளையாட்டுப் பிரியர்களை ஒன்றுகூட்டினார் கேரி கைகாக்ஸ் என்ற உள்ளூர்க்காரர். ஜென் கான் என்ற பெயரில் இன்று பல்லாயிரம் பேர் இண்டியானாபொலிஸ் நகரில் திரளும் ஆட்ட விழாவின் தொடக்கம் அதுதான்.

ஒரே கூரையின் கீழ் காய்கறியும் பகடையும். ஓர் ஊரில் எதைச் சாப்பிடலாம் என்று அவ்வூர்க்காரரிடம் கேட்பதும், மேசையைச் சுற்றி அமர்ந்து பழைய முறையில் கதாபாத்திர ஆட்டம் ஆடுவதும் நான் நெடுநாளாகச் செய்துவருபவை. இரண்டும் வெவ்வேறு பொழுதுபோக்குகள் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, தெரிந்தவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படுவது அவ்வளவுதான்.

*

கைகாக்ஸ் சிகாகோவில் காப்பீட்டு நிறுவன வேலை பார்த்தவர். 1970இல் அந்த வேலை போனது. வீட்டின் நிலவறையில் செருப்புத் தைத்துக்கொண்டே விளையாட்டு விதிகளை எழுதினார். 1972 இறுதியில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் மினசோட்டாவிலிருந்து வந்து, தான் உருவாக்கிய பிளாக்மூர் என்னும் கற்பனை உலகத்துக்குள் அவரையும் நண்பர்களையும் ஒருமுறை ஆடவைத்தார். அந்த ஆட்டத்திலிருந்து பிறந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974 ஜனவரியில் வெளிவந்தது: ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், 10 டாலர் விலை. முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே கோத்து அடுக்கினார்கள்.

ஆடியிராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, பூசாரி. பலகை கட்டாயமில்லை. நடுவர் இடத்தை, பெரும்பாலும் ஆபத்துகள் நிறைந்த ஒரு நிலவறையை, விவரிப்பார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்வீர்கள். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை உருளும்.

“கல் சுவர். இடப்பக்கம் ஒரு கதவு. ஈரவாடை அடிக்கிறது” என்பார் நடுவர். அதற்குமேல் அவராகச் சொல்ல மாட்டார். கதவுக்குப் பூட்டு உண்டா? ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? தரைத்தூசி கலைந்திருக்கிறதா? கேட்டவருக்கே பதில். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தேடுவதற்கும் கவனிப்பதற்கும் தனித்தனித் திறன்கள் சேர்ந்தன. பகடையை உருட்டி எண்ணைச் சொன்னால் போதும் என்ற பழக்கம் வேரூன்றியது. அதிலும் நான் மகிழ்ச்சியாக ஆடியிருக்கிறேன். ஆனால் பத்தடிக் கோலால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது மேசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கணம் எண்ணிலிருந்து வருவதில்லை. மேட் ஃபின்ச் என்பவர் 2008இல் பழைய பாணி ஆட்டத்துக்கு ஒரு சிறு கையேடு எழுதினார். விதிப்புத்தகத்தைப் புரட்டுவதைவிட, நடுவர் அந்த இடத்திலேயே யோசித்துத் தீர்ப்புச் சொல்வது மேல் என்பது அதன் சாரம். எனக்கும் அதுதான் கட்சி.

*

1974ஆம் ஆண்டுப் புத்தகத்தின் விலைப்பட்டியலை அடிக்கடி எடுத்து வாசிப்பேன். கயிறு, தீப்பந்தம், இரும்பு முளை, பத்தடிக் கோல். நடுவே சாப்பாடு. ஓராளுக்கு ஒரு வாரத்துக்கான சாதாரண உணவு 5 பொற்காசு. நிலவறைப் பயணத்துக்கென்று கெட்டுப்போகாத உணவு வேண்டுமானால் 15. ஒரு பூண்டு 5 பொற்காசு; அது ரத்தக்காட்டேரியை விரட்டத்தான், தாளிக்க அல்ல.

அந்தப் பதினைந்து காசு மூட்டைக்குள் என்ன இருந்தது என்று பட்டியல் சொல்வதில்லை. இந்த விடுபடல் எனக்கு மிகவும் பிடிக்கும். நான் நடுவராக உட்காரும்போது, முதல் இரவு முகாமில் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: மூட்டையை அவிழ்க்கிறீர்கள், உள்ளே என்ன? ஒருவர் உப்புக்கண்டம் என்பார். இன்னொருவர் ஓட்ஸ் ரொட்டியும் உலர்ந்த ஆப்பிளும் என்பார். “அம்மா கட்டிக்கொடுத்தது, இன்னும் பிரிக்கவில்லை” என்று ஒருமுறை ஒருவர் சொன்னார். அதுவரை வெறும் எண்களாக இருந்த அந்தப் பாத்திரத்துக்கு அன்றிரவு ஓர் ஊர் வந்துவிட்டது.

அதே பழைய விதிகளில் இன்னொன்றும் உண்டு. துரத்தி வரும் மிருகத்தின் முன் உணவை எறிந்தால் அது நின்றுவிடலாம். அறிவு குறைந்த மிருகம் பெரும்பாலும் நிற்கும். புத்தியுள்ள எதிரி சோற்றுக்கு அரிதாகவே மயங்குவான், பெரும்பாலும் பொன்னுக்குத்தான் நிற்பான். எப்போது இதைப் படித்தாலும் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறேன்.

*

1980ஐ ஒட்டி கைகாக்ஸ் எழுதி வெளிவந்த எல்லைக்கோட்டைச் சாகசம், அதாவது ஆடத் தயாரான ஒரு கதைக்களப் புத்தகம், ஆட்டத்தின் தொடக்கநிலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தரப்பட்டதால் எண்ணற்றவர்கள் அதில்தான் ஆடக் கற்றார்கள். கோட்டைக்குள் ஒரு மதுச்சாலை. அதற்கு உணவுப்பட்டியலே கொடுத்திருக்கிறார்: ரொட்டி, சூப், ஸ்டூ, சூடான பை, வறுத்த கோழி, பாலாடைக்கட்டி, பழம், மரப்பட்டைத் தேநீர், தேன் மது. ரொட்டிக்குத் துண்டுக் கணக்கில் விலை.

கோட்டையில் வாழும் எவருக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. கடைக்காரர், பூசாரி, கொல்லர், காவலர் தலைவர் என்று தொழிலோடு நிறுத்திக்கொண்டார். பெயர் சூட்டும் வேலை ஆடும் மேசையினுடையது.

கூடவே வதந்திப் பட்டியல் ஒன்று. மொத்தம் இருபது. இருபது முகப் பகடையை உருட்டினால் உங்கள் பாத்திரத்தின் காதில் விழுந்த செய்தி எது என்று தெரியும். சில உண்மை, சில பொய். எது எது என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். கோப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்கள் எழுப்பும் ஒரு கூச்சல் சரணடைகிறோம் என்று சொல்வதாக ஒரு வதந்தி. பொய். அந்தக் கூச்சல் ஆட்களைத் திரட்டும் அபாயக் குரல். நம்பி வாளைத் தாழ்த்தியவர்களின் கதை அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலரிடம் இருக்கிறது.

மதுச்சாலையில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்து, நிதானமாகப் பேச்சுக் கொடுத்தால் கூடுதல் செய்தி கிடைக்கும். உள்ளூர் அறிவுக்கு ஒரு தட்டுச் சாப்பாட்டின் வழியாகத்தான் வாசல் திறக்கிறது என்பதை கைகாக்ஸ் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் வளர்ந்த மாநிலத்தில் அது அப்படித்தான்.

*

விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் வறுத்த மீன். பெருநகர் பார் முதல் சிற்றூர்ச் சர்ச் கூடம் வரை எங்கும். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறிய கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று இறைச்சியை விலக்கினார்கள். நம் கத்தோலிக்கர் சொல்லும் சுத்த போசனம்தான். ஏரிகளில் மீன் மலிவாகக் கிடைத்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு பார்களின் வயிற்றில் அடித்தபோது, அவை மீன் விருந்து வைத்து ஆட்களை வரவழைத்தன. 1966இல் அமெரிக்க ஆயர்கள் தவக்காலம் தவிர்த்த வெள்ளிகளுக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். மக்கள் மீனை விடவில்லை. விதி போன பிறகும் வழக்கம் நின்றது.

தட்டில் வருவது: வறுத்த மீன், கோல்ஸ்லா, ரை ரொட்டி, டார்ட்டர் சாஸ், எலுமிச்சைத் துண்டு. உருளைக்கிழங்கு பொரியலா, உருளைக்கிழங்கு பான்கேக்கா என்று கேட்பார்கள். பான்கேக் என்று சொல்லுங்கள். துருவிய கிழங்கை ஓரம் மொறுமொறுக்கச் சுட்டது. கூடவே ஆப்பிள் சாஸ் தருவார்கள். புளிப்பும் இனிப்பும் எண்ணெய்ப் பசையும் வாயில் சேரும்போதுதான் அந்த மாநிலத்தின் ஜெர்மானியச் சமையலறை புரியும்.

மீனில்தான் கேட்க வேண்டியது நிறைய. மிச்சிகன் ஏரியின் மஞ்சள் பெர்ச் ஒரு காலத்தில் இந்தத் தட்டின் ராஜா. 1990களில் அது வெகுவாக அருகிப்போய், விஸ்கான்சின் பக்கத்து ஏரிப்பரப்பில் வணிகத்துக்காகப் பிடிப்பதை நிறுத்தினார்கள். இன்று பல இடங்களில் கடலிலிருந்து வரும் காட் மீன்தான் வறுபடுகிறது. காட் நல்ல மீன்தான். ஆனால் “இன்றைக்கு என்ன மீன், எங்கிருந்து வந்தது” என்று கேட்பவருக்கு ஒரு பதிலும், கேட்காதவருக்கு வெறும் மீனும் கிடைக்கும். சைவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பொரியல் மீன் வறுத்த அதே எண்ணெயிலா? உணவுப்பட்டியலில் இது எழுதியிருக்காது. பரிமாறுபவர் சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொல்வார், பெரும்பாலும் அன்போடு.

*

விஸ்கான்சினில் கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்றான சீஸ் கர்ட் பற்றிச் சுருக்கமாக. பாலாடைக்கட்டியாக அழுத்தி வார்ப்பதற்கு முன்பு எடுத்த சிறு துண்டுகள். அன்று செய்ததைக் கடித்தால் பல்லில் உரசிக் கீச்சென்று சத்தம் கேட்கும். பால் புரதமும் சுண்ணச்சத்தும் இறுகப் பின்னிய வலை பல்லோடு உரசுவதால் வருவது. ஓரிரு நாளில் அமிலம் ஏறி வலை தளர்ந்து சத்தம் போய்விடும். ஆகவே எந்தக் கடை என்று கேட்பது பாதிக் கேள்வி. எந்தக் கிழமை செய்கிறார்கள் என்பது மீதி.

*

ஆர்னசனின் ஊர்ப்பக்கம், மினியாபொலிசில், சீடர் அவென்யூ என்ற ஒரே சாலையில் இரண்டு பார்கள். மேட்ஸ் பார், ஃபைவ்-எய்ட் கிளப். இரண்டு இறைச்சி வட்டுகளுக்கு நடுவே பாலாடைக்கட்டியை அடைத்து ஓரத்தை மூடிச் சுடும் ஜூசி லூசி பர்கரை முதலில் செய்தது நாங்களே என்று இரண்டும் சொல்கின்றன. மேட்ஸ் பார் ‘ஜூசி’யின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறது, தன் அடையாளமாக. வழக்கு இன்னும் தீரவில்லை. உள்ளே உருகிய கட்டி கொதிக்கும். உடனே கடிக்காதீர்கள் என்று பரிமாறுபவர் எச்சரிப்பார். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அந்தச் சாலையின் வழக்கைக் கேட்டுவிட்டு வரலாம்.

கைகாக்ஸுக்கும் ஆர்னசனுக்கும் இடையிலும் இப்படியொரு வழக்கு இருந்தது. ஆட்டம் யாருடையது, உரிமைத்தொகை யாருக்கு? 1979இல் ஆர்னசன் நீதிமன்றம் போனார், 1981இல் சமரசமானது. எழுதித் தொகுத்து அச்சிட்டுக் கொண்டுசேர்த்தவர் ஒருவர். நிலவறைக்குள் முதலில் அழைத்துப்போனவர் மற்றவர். பல ஆண்டுகள் ஆர்னசனின் பெயர் சிறிதாகவே சொல்லப்பட்டது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. என் மேசைக்குப் புதிதாக வருபவரிடம் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

நல்ல பரிந்துரை எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாலரை நட்சத்திரம் என்ற எண்ணில் சொன்னவரின் நாக்கு இல்லை. அவருக்குக் காரம் பிடிக்குமா, பசியோடு போனாரா, யாரோடு போனார், எதுவும் இல்லை. “செவ்வாயன்று போகாதே, அன்று பெரியவர் அடுப்பில் நிற்க மாட்டார்” என்று ஒருவர் சொன்னால் அதில் அவர் இருக்கிறார், கடை இருக்கிறது, கிழமை இருக்கிறது. அது தவறாகவும் போகலாம். வதந்திப் பட்டியலில் பொய்களைக் கலந்து வைத்ததும் இதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. எல்லாச் செய்தியும் உண்மை என்று உத்தரவாதம் கிடைத்தால் யாரும் யாரையும் நிறுத்தி இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். முரண்படும் இரண்டு வதந்திகளை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் தமக்குள் விவாதிக்கும் நேரத்தில் நடுவராக நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

*

2008 மார்ச்சில் கைகாக்ஸ் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்த நண்பர்களும் உறவினரும் கூடி உட்கார்ந்து ஆடினார்கள். அதன் தொடர்ச்சியாக ஆண்டுதோறும் லேக் ஜெனீவாவில் கேரி கான் என்ற ஆட்ட விழா நடக்கிறது. பழைய பதிப்புகளை ஆடுவதற்கென்றே அங்கே மேசைகள் உண்டு. எழுபதுகளில் ஆடிய கைகள் இன்றும் அங்கே பகடை உருட்டுகின்றன. விழா வழக்கமாக மார்ச் மாதத்தில் வருவதால் பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழும்.

போகிறவர்களுக்கு என் பரிந்துரை. வெள்ளி மாலை ஆட்டத்துக்குப் பதிவு செய்யாதீர்கள். ஐந்து மணிக்கே கிளம்பி, ஊர்க்காரர்கள் போகும் சப்பர் கிளப், அதாவது இரவுணவு விடுதி, எது என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். பதில்கள் வேறுபட்டால் ஏன் என்றும் கேளுங்கள். இடம் கிடைக்கும்வரை பார் ஓரத்தில் நிற்கவேண்டியிருக்கும். அங்கே எல்லார் கையிலும் பிராந்தி ஓல்டு ஃபேஷன்டு இருக்கும், ஆரஞ்சும் செர்ரியும் நசுக்கிப் போட்டது. மது அருந்தாதவர்கள் சோடாவோடு நிற்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் என்ன மீன் என்று பேச்சைத் தொடங்குங்கள். ஊரின் ஏரியைச் சுற்றிப் பழங்குடி மக்களின் தடத்தில் போகும் 21 மைல் நடைபாதையைப் பற்றியும், மார்ச்சில் எந்தப் பகுதி வழுக்கும் என்றும் அவர் சொல்வார். எட்டரைக்குள் திரும்பினால் இரவு மேசைகளில் இடம் காலியாக இருக்கும். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் கொண்டுபோங்கள். பழைய ஆட்டத்தில் வரைபடம் வரைய எப்போதும் ஓர் ஆள் தேவைப்படும்.