வெட்டலாம், அழிக்கக் கூடாதா?

2010 ‘வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ’ போட்டியில் உக்ரைனியப் புகைப்படக்காரர் ஸ்தெபான் ரூதிக்கின் படத்தொகுப்புக்கு விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு கிடைத்தது. கீவ் நகரத் தெருச்சண்டைக்காரர்களைப் பற்றிய தொகுப்பு அது. அதில் ஒரு படம், கட்டுத்துணி சுற்றப்படும் ஒரு கை. கறுப்பு வெள்ளை, சொரசொரப்பான துகள். போட்டியை நடத்தியவர்கள் மூலப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அது வண்ணப்படம், திறந்தவெளியில் ஆட்கள் நிற்கும் அகலமான காட்சி. அதில் பெரும்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, கையை மட்டும் ரூதிக் வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் யாருடைய காலோ துளி தெரிந்தது. அதைக் கணினியில் அழித்திருந்தார். பரிசு பறிபோனது.

ஆட்களையே வெட்டலாம், கால் நுனியை அழிக்கக் கூடாது! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை விளக்க, பழைய இந்தியத் தத்துவ அறிஞரான மீமாம்சகர் குமாரில பட்டர்தான் சரியான ஆள். தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? இல்லாத குடம் கண்ணில் படாதே! காணாமையே அங்கே அறிவுக்கு வழி என்றது அவர் வழிவந்த பாட்ட மரபு. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: குடம் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். கும்மிருட்டில் நின்றுகொண்டு ‘குடம் இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

படத்தின் விளிம்புக்கு அப்பால் இருட்டுதான். அங்கே யார் இருந்தார்கள், யார் இல்லை என்று படம் எதையும் சொல்வதில்லை. விளிம்புக்குள் விளக்கு எரிகிறது. அங்கே ஒன்று தெரியவில்லை என்றால், அது இல்லை என்றே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே வெட்டுவது மௌனம், அழிப்பது பொய்.

கணக்கு அழகாகத்தான் வருகிறது, 2010 ஜூன் 19 தேதியிட்ட ‘எக்கனாமிஸ்ட்’ அட்டையைப் பார்க்கும்வரை.

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்த நேரம். அட்டையில், லூசியானா கடற்கரையில் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா தலை குனிந்து, தன்னந்தனியாக நிற்கிறார். ராய்ட்டர்ஸின் லேரி டவுனிங் எடுத்த மூலப்படத்தில் அவருடன் இருவர் இருந்தார்கள். கடலோரக் காவல்படை அதிகாரி தாட் ஆலனை விளிம்போடு வெட்டியாயிற்று. உள்ளூர் நிர்வாகத் தலைவி ஷார்லட் ராண்டால்ஃபை அழித்து, அவர் நின்ற இடத்தை நிரப்பியாயிற்று. முன்பின் தெரியாத ஒரு பெண் அட்டையில் நின்றால் வாசகர் குழம்புவார் என்பது துணை ஆசிரியர் எம்மா டங்கன் தந்த விளக்கம்.

ஆலன் விஷயத்தில் நியாயம், ராண்டால்ஃப் விஷயத்தில் தப்பு என்று தீர்ப்பு எழுதுவதா? ராண்டால்ஃபும் ஓரத்தில் நின்றிருந்தால் கத்திரியே போதும், எந்த விதியும் மீறப்பட்டிருக்காது. அப்போதும் அதிபர் தனியாகத்தான் நின்றிருப்பார். செய்திப்படத்தைப் பார்ப்பவர் ஒரு செவ்வகத்தைப் பார்ப்பதில்லை, ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கிறார். ‘இன்னார், இன்ன இடத்தில்’ என்ற படக்குறிப்பே விளிம்புக்கு வெளியிலும் விளக்கேற்றிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் வெட்டுபவருக்கு, இருட்டைச் சாக்குச் சொல்லும் உரிமை கிடையாது.

வெறும் வெட்டே தப்பாகிப்போன கதையும் உண்டு. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ஐந்து இளம் பருவநிலைப் போராளிகள் வரிசையாக நின்றார்கள். கிரெட்டா துன்பர்க் உட்பட நால்வர் வெள்ளைக்கார ஐரோப்பியர். ஓரத்தில் நின்ற வனெஸா நகாடே உகாண்டாக்காரர், அந்த வரிசையில் ஒரே கறுப்பினப் பெண். ஏ.பி. செய்தி நிறுவனம் அனுப்பிய படத்தில் நால்வர்தான் இருந்தார்கள். பின்னாலிருந்த கட்டடம் கண்ணை உறுத்தியதால் புகைப்படக்காரர் அவசரத்தில் வெட்டினார் என்று காரணம் சொன்னார்கள். நம்பலாம்தான். படத்தில் ஒரு புள்ளிகூட மாற்றப்படவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினால் ஏ.பி. சுலபமாகத் தப்பித்திருக்கலாம். ஆனால் அதன் அன்றைய நிர்வாக ஆசிரியர் சாலி பஸ்பி மன்னிப்புக் கேட்டார். நகாடே இருக்கும் படமும் வெளியானது.