வாணலியில் தடவிய எண்ணெய்

“உங்க எண்ணெய் எந்த லாரியில வருது?”

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்த என் தாய்மாமாவிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி இது. கேட்டவர், கோஷர் சான்றிதழுக்காக ஆய்வுக்கு வந்தவர். மில்லின் ஜவ்வரிசியை வாங்க நினைத்த வெளிநாட்டு வியாபாரி, அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குச்சிக்கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வாணலியில் வறுத்து, களத்தில் காயப்போடுகிறோம். மிஞ்சும் திப்பி மாட்டுக்குப் போகிறது. இதில் மதத்துக்கு என்ன வேலை?

வேலை அந்த வாணலியில் இருந்தது. ஒட்டாமல் இருக்க அதில் எண்ணெய் தடவுவார்கள். யூத உணவு விதிகளில் பன்றி கிடையாது, இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. விலக்கப்பட்ட பொருள் சூடாகப் பட்ட பாத்திரமும் விலக்கப்பட்டதாகிவிடும். தேங்காயெண்ணெய் தாவரம்தான். ஆனால் அதைக் கொண்டுவந்த டேங்கர் போன நடையில் மிருகக் கொழுப்பு ஏற்றியிருந்தால்? “நாலு நாள் அலைஞ்சு பில்லு தேடுனோம் மாப்ள” என்றார் மாமா.

கேட்கும்போது சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது, அட்லாண்டாவில் நடந்த கதையைப் படிக்கும் வரை. அங்கே டோபியாஸ் கெஃபன் என்ற ராபியிடம், கோக்க கோலா குடிக்கலாமா என்று பலரும் கேட்டார்கள். ரகசியம் காப்பேன் என்ற உறுதியோடு அதன் மூலப்பொருள் பட்டியலை வாங்கிப் பார்த்தார். அதிலிருந்த கிளிசரின் மாட்டுக்கொழுப்பிலிருந்து வந்தது. 1935-இல் அவர் தீர்ப்பு எழுதுவதற்குள் நிறுவனம் தாவர கிளிசரினுக்கு மாறிக்கொண்டது. நிறுவனத்துக்கு ஒரு சந்தை கிடைத்தது. ராபியின் பெயரையே கேட்டிராத சைவக்காரர்களுக்கும் அதில் லாபம்தான்.

உற்பத்தியாளருக்கு கோஷர் தரும் நன்மை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். யூதர்கள் மட்டும் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குவதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், பன்றிக்கொழுப்பு இருக்குமோ என்று பயப்படும் முஸ்லிம்கள், சைவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அதோடு, எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று மில்லுக்கே அன்றுதான் தெரிகிறது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். மாமா முடிக்க விடவில்லை.

“லிஸ்ட்ல எல்லாத்தையும் எழுதணும்னாங்க. மொதலாளி அந்த டிரம்ம எப்படி எழுதறதுன்னு யோசிச்சாரு.”

டிரம்மில் இருந்தது வெளுப்பு மருந்து. மாவை இயல்பாகக் காயவிட்டால் ஜவ்வரிசி கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சந்தையில் வெள்ளைக்குத்தான் விலை. சேலம் வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ரசாயனம் போட்டு வெளுத்த ஜவ்வரிசியைப் பறிமுதல் செய்த செய்தியைப் பலமுறை படித்திருப்பீர்கள்.

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“டிரம்ம எடுத்துட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வந்துச்சு. வெளிநாட்டு லோடுக்கு மட்டும் போடல.”

நம் ஜவ்வரிசியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்துக்கும் வட இந்தியாவுக்கும் போகிறது. அங்கே ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் சாபுதானா கிச்சடி விரத உணவு. தானியம் இல்லை என்பதுதான் காரணம். யூதர்களின் பஸ்கா பண்டிகையில் விலக்கப்படும் ஐந்து தானியங்களிலும் மரவள்ளி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு அது. தோராவுக்கும் தெரியாது, புராணங்களுக்கும் தெரியாது. இரண்டு விரதங்களுக்குள்ளும் ஒரே வழியாக நுழைந்திருக்கிறது.

ஆனால் பஸ்கா கொண்டாடுபவருக்காக ஒருவர் ஆத்தூர் வரைக்கும் வந்து எண்ணெய் லாரியைப் பற்றிக் கேட்டார். ஏகாதசி இருக்கும் புனே பாட்டிக்காக மில்லுக்கு யாரும் வரவில்லை. அவர் தன் கண்ணை நம்பி வெள்ளையாக இருப்பதை எடுத்தார். அந்த வெள்ளைக்காகத்தான் டிரம் திரும்பி வந்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் நிறமே சான்றிதழ் ஆகிவிடுகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரோடு நானும் சந்தோஷப்பட்டேன். அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லும். எந்த டிரம் பட்டது என்று சொல்லாது.

காசு கொடுத்து வாங்கும் நேர்மை நேர்மையா என்று மாமாவிடம் கேட்க நினைத்தேன். கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா? என் ஆபீஸிலும் வருஷா வருஷம் பாதுகாப்பு ஆடிட் வரும். யார் யாருக்கு சர்வர் அனுமதி இருக்கிறது என்று மாதாமாதம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். போன வருஷம் மூன்று மாதம் விட்டுப்போயிருந்தது. ஆடிட்டுக்கு முந்தைய ராத்திரி பழைய தேதி போட்டு நிரப்பினேன். சான்றிதழ் கிடைத்தது, டீமுக்குப் பிரியாணியும் கிடைத்தது. அந்த சர்வரில் யாருடைய தகவல் இருக்கிறது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மாமாவுக்காவது இரண்டு சரக்கும் வேறு வேறு என்று தெரிந்திருந்தது.

சான்றிதழ் யாரையும் நல்லவனாக்காது. தூரத்தில் இருந்து சாப்பிடப்போகும் ஒருவர் சார்பாக மில் வாசலில் ஒரு ஆளை நிறுத்தும், அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ஆள் யார் சார்பாக வந்தாரோ அவர்களுக்கு மட்டுமே காவல். மற்றவர்களுக்காகக் கேட்க வேண்டியது உள்ளே டிரம் பக்கத்தில் நிற்பவன்தான். மாமா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் இரண்டு மாதம் விட்டுப்போனது. காலியாகவே விட்டு, ‘செய்யவில்லை’ என்று எழுதினேன். மேனேஜர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

மாமா ரிட்டையர் ஆகிவிட்டார். போன மாதம் ஆத்தூர் போனபோது அத்தை பாயசம் வைத்தார். ஜவ்வரிசி மங்கலான பழுப்பில் இருந்தது. “கடைக்காரன் வெள்ளையாத்தான் எடுத்துக் காட்டுனான். இவருதான் இதையே போடுன்னு நின்னாரு” என்றார் அத்தை. மாமா டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.