சல்லாவும் உடம்பும்

துணி மறைக்கிறதா, காட்டுகிறதா என்பது பழைய கேள்வி. சல்லாத் துணி இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துவிடுவதால் ஒழுக்கவாதிகளுக்கு அதன்மேல் என்றைக்குமே ஒரு கோபம் இருந்துவந்திருக்கிறது. ரோமாபுரியில் ஸெனகா மெல்லிய பட்டைக் கண்டித்தது இந்தக் கோபத்தில்தான். ஆனால் ஸெனகாவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவர் கண்டித்த துணிக்கு அடியில் ஓர் உடம்பு இருந்தது.

அடியில் உடம்பே இல்லாத சல்லாவைப் பற்றி என்ன சொல்வது? இந்தக் கேள்வி எனக்கு வந்தது கம்ப்யூட்டர் திரையில். ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் லிண்டன் லாப் என்ற கம்பெனி 2003-ல் செகண்ட் லைஃப் என்று ஒரு கற்பனை உலகத்தைத் திறந்துவிட்டது. அதில் நுழைகிறவர் ஒரு பொம்மை உடம்பை எடுத்துக்கொள்கிறார். அதற்கு அவதார் என்று பெயர். (நம்மிடமிருந்து போன சொல்தான்; தசாவதாரத்தின் கனமெல்லாம் சுங்கச் சாவடியிலேயே இறக்கி வைக்கப்பட்டுவிட்டது.) அங்கே உள்ள வீடு, மரம், நாற்காலி, சட்டை எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பவர்களே செய்து, லிண்டன் டாலர் என்ற அவ்வூர் நாணயத்துக்கு விற்பவை. சட்டை செய்வது என்றால் போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ வரைவது. ஆரம்ப வருஷங்களின் முறையில், உடம்பின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தட்டையாக விரிக்கப்பட்ட அச்சுப்படங்களாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட சதுரம். தையற்காரன் துணியை வெட்டி உடம்பில் ஏற்றுகிறான். இங்கே உடம்பை உரித்து விரித்துப் போட்டு அதன்மேல் துணி வரையப்படுகிறது. மடிப்பும் அதன் நிழலும்கூட வரைந்தவைதான். எங்கிருந்தும் விழாத வெளிச்சத்துக்கு விழுகிற நிழல்.

இதை நண்பர் ஒருவரிடம் காட்டினேன். கவிஞர், எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவர். அவர் சொன்னதன் சாரம் இது: நிஜத் துணி எதையோ மறைக்கிறது, ஆகவே அதற்கு ஒரு தர்மம் உண்டு. இங்கே மறைக்க ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை அரைகுறையாக மறைத்துக் காட்டி, உள்ளே ஏதோ இருப்பதாக நம்பவைப்பது மோசடி. ஆபாசம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆபாசத்துக்காவது ஓர் உடம்பு வேண்டும்.

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இது தாமதமான பதில்.

முதலில் இந்தச் சல்லா எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, தன் பின்னால் இருப்பதை அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதை அதில் எழுதி வைக்கலாம் என்ற யோசனை 1977-ல் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவருக்கும் தோன்றியது. ஆல்ஃபா என்று அதற்குப் பெயரிட்டார்கள். எட்டு பிட் கணக்கில் 0 என்றால் புள்ளி இல்லாதது போல. 255 என்றால் முழு மறைப்பு. இடையில் இருப்பதெல்லாம் சல்லா. 1984-ல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர், படத்தின்மேல் படத்தை வைப்பதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். அந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: பாதி என்ற எண்ணுக்கு அங்கே இரண்டு அர்த்தம் சாத்தியம். புள்ளி முழுவதும் மங்கலான கண்ணாடியாக இருக்கலாம். அல்லது புள்ளியின் பாதிப் பரப்பு கெட்டித் திரையாகவும் மீதிப் பாதி வெறும் ஓட்டையாகவும் இருக்கலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிஜச் சல்லா இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நூல் இருக்கிறது, இடைவெளி இருக்கிறது. பாதி என்ற ஒரு ஸ்தூல வஸ்து எங்கேயும் இல்லை. தள்ளி நிற்கும் கண்தான் இரண்டையும் கூட்டி வகுத்துப் பாதி என்ற அனுபவத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே நிஜத் துணி சத்தியத்தின் பக்கம், திரைத் துணி பிரமையின் பக்கம் என்று அவ்வளவு சுலபமாகப் பாகம் பிரித்துவிட முடியாது. பிரமை ஏற்கனவே தறியிலேயே ஆரம்பித்துவிட்டது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தறியில் நூலின் நம்பரும் பாவு ஊடையின் நெருக்கமும் சேர்ந்து சல்லாத்தன்மையைத் தாமாக விளைவிக்கின்றன. முழங்காலில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியட்டும் என்று நெசவாளி தீர்மானிப்பதில்லை. போட்டுக்கொண்டவள் காலை மடக்கும்போது துணி இழுபட்டு அது நடக்கிறது. திரையில் வரைகிறவனுக்கு இந்த விதி கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு தெரியலாம் என்பதை அவனே தீர்மானித்தாக வேண்டும். காலுறை வரைகிறான் என்று வைத்துக்கொள்வோம். முழங்காலில் எண்ணைக் குறைக்க வேண்டும். காலின் இரு ஓரங்களில் கூட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே பார்வை சாய்வாகப் போய் அதிக நூலைச் சந்திக்கிறது. விளிம்பில் துணி இரட்டையாக மடித்துத் தைக்கப்பட்டிருக்கும்; பாதி மறைக்கும் துணி இரண்டு மடங்கானால் முழுசாக மறைக்காது, மீதிப் பாதியில் பாதியை மறைக்கும், அதாவது முக்கால். 128 என்று ஆரம்பித்தவன் விளிம்பில் 192 பக்கம் வர வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் ஒரே எண்ணை எங்கும் கொட்டிவிட்டால், உடம்பில் புகை ஒட்டிக்கொண்டது போல இருக்கும், துணியாகாது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு தோல்வி இதில் உண்டு. ஓரத்தில் தெரியும் அந்தக் கருமை, நிஜத்தில் பார்க்கிறவனோடு சேர்ந்து நகர்கிறது. வரைந்த கருமை வரைந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவதார் பக்கவாட்டில் திரும்பினால் ஓரத்துக் கருமை நடுக்காலில் பட்டையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் நின்ற இடத்தில்தான் நீயும் நிற்க வேண்டும் என்று வரைந்தவன் நிர்ப்பந்திப்பது போல. (நம் விமர்சனங்களில் பாதி இப்படித்தான் எழுதப்படுகின்றன என்பது போகிற போக்கில் சொல்வது.)

இன்னொரு தோல்வி சின்னது, ஆனால் நான் அதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். துணி முடியும் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வந்துவிடும். காரணம் இது: ஆல்ஃபா 0 என்று சொல்லி ஒரு புள்ளியைக் காணாமல் அடித்துவிட்டாலும் அதன் மூன்று நிற எண்கள் அழிவதில்லை. வெறும் காகிதத்தின் வெள்ளை அங்கே தங்கியிருந்தால், தூரத்திலிருந்து பார்ப்பதற்காக யந்திரம் படத்தைச் சுருக்கும்போது பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி எடுக்கிறது, அப்போது அந்த வெள்ளை விளிம்பில் கசிகிறது. பரிகாரம், கண்ணுக்கே தெரியப்போகாத அந்தப் பரப்பு முழுவதையும் துணியின் நிறத்தாலேயே நிரப்பி வைப்பது. முழுக்க மறைந்திருப்பதற்கும் ஒரு நிறம் உண்டு, அதைச் செய்கிறவன் அதற்கும் ஜவாப்தாரி. நண்பர் சொன்ன 'ஒன்றுமில்லாதது' முதல் அடி வாங்குவது இங்கேதான்.

இரண்டாவது அடி பெரியது. வரைந்த சட்டை எந்தத் தோலின்மேல் போய் உட்காரும் என்று வரைகிறவனுக்குத் தெரியாது. தோலும் அங்கே வேறொருவர் வரைந்து விற்பதுதான். கறுப்பு, மாநிறம், வெளுப்பு, நீலம்கூட உண்டு. உண்மையான சல்லா வரைகிறவன் படத்தில் பாதியை, யாரென்றே அறியாத இன்னொருவரின் நிறத்துக்கு விட்டுவைக்கிறான். ஆல்ஃபாவோடு மல்லாட மனமில்லாதவனுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. சட்டையின் இழைகளுக்கு நடுவே இளஞ்சிவப்புத் தோலைத் தானே தீட்டி, மொத்தத்தையும் 255 ஆக்கிவிடலாம். பார்வைக்கு அழகாக, அப்பழுக்கில்லாமல் இருக்கும். கறுத்த தோல் கொண்ட அவதார் அதை அணிந்துகொண்டால் ரவிக்கைக்குள் வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரியின் மார்பு தெரியும். அவள் தன் உடம்பை மூடிக்கொள்ளவும் இல்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை. அவளிடமிருந்து அது எடுக்கப்பட்டு அங்கே இன்னொன்று வைக்கப்பட்டிருக்கிறது.

வங்கியில் ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது என் ஜீவனத்தின் ஒரு பகுதி. நல்ல நோட்டில் நீரோட்ட உருவம் காகிதத்தின் கனத்திலேயே ஏறியும் இறங்கியும் இருக்கிறது, வெளிச்சம் ஊடுருவினால்தான் முகம் துலங்கும். கள்ள நோட்டுக்காரன் அதை வெளிறிய மையால் மேலே அச்சடித்துவிடுகிறான். அது மேஜையில் கிடக்கும்போதே தெரியும். தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தெரியும். அந்த மிதமிஞ்சிய தெளிவில்தான் அகப்பட்டுக்கொள்கிறது. மோசடி என்ற சொல்லை நண்பர் இந்தத் தீட்டிய தோலுக்கு வைத்துக்கொள்ளட்டும், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஆனால் தோலும் வரைந்ததுதானே, அதற்கு என்ன சத்தியம் என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. பழைய முறையில் தோல், உள்சட்டை, சட்டை, ஜாக்கெட் எல்லாம் கடைசியில் ஒரே படமாகக் கூட்டப்பட்டுவிடுகின்றன. பேக்கிங் என்பார்கள்; சுட்ட ரொட்டியில் மாவையும் தண்ணீரையும் தனியே எடுக்க முடியாத மாதிரி. 2013 வரை இந்தக் கூட்டலை அவரவர் கம்ப்யூட்டர் செய்தது, பிறகு கம்பெனியின் சர்வர் செய்கிறது. எப்படியானாலும் எதிரில் நிற்பவர் காண்பது துணியும் அல்லாத, தோலும் அல்லாத ஒற்றைப் பரப்பு. ஆனால் இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதிய விபரீதமும் அல்ல. நேப்பிள்ஸில் ஸான்ஸெவெரோ தேவாலயத்தில் ஜியுஸெப்பே ஸான்மார்டினோ 1753-ல் செதுக்கிய கிறிஸ்து கிடக்கிறார். உடம்பும் அதன்மேல் போர்த்திய மெல்லிய துணியும் ஒரே சலவைக்கல். கல்லின் வழியே எதையும் பார்த்துவிட முடியாது. துணியின் வழியே நெற்றி நரம்பும் விலா எலும்பும் தெரிவதாகச் செதுக்கியதால் மட்டுமே அங்கே ஒரு துணி இருக்கிறது. உடம்பை நீக்கிவிட்டால் துணியும் போய்விடும். இதைச் செதுக்கச் செய்த இளவரசன் ரைமோந்தோ தி ஸாங்ரோ, நிஜத் துணியையே ரசவாதத்தால் கல்லாக்கிவிட்டான் என்று ஜனங்கள் கதை கட்டினார்கள். கலையை நம்புவதைவிடச் சூதை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

2011-ல் மெஷ் என்ற புது முறை வந்தது. அதில் சட்டை உடம்பின்மேல் தீட்டப்படுவதில்லை, தனி ஓடாகச் செய்து மாட்டப்படுகிறது. இதில் ஒரு சங்கடம்: அவதார் அசையும்போது உடம்பு ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொள்ளும். ஆகவே சட்டையோடு கூட, அடியில் உள்ள உடம்பை மறையச் செய்யும் ஆல்ஃபா ஒன்றையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். கழுத்து முதல் இடுப்பு வரை கெட்டியாக மூடிய, எந்த ஸெனகாவும் குறைசொல்ல முடியாத சட்டைக்குள் உடம்பு கிடையாது. தலை, கை, கால், நடுவில் காற்று. சல்லாவுக்கு இந்த வசதி இல்லை. அடியில் உடம்பை வைத்திருந்தால்தான் அது சல்லா. துளைத்துக்கொண்டு வெளியே வரும் அபாயத்தோடு வைத்திருக்க வேண்டும். நண்பரின் வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. ஒன்றுமில்லாததை மறைத்துக்கொண்டிருப்பது அவர் சந்தேகிக்காத கெட்டித் துணிதான்.

இதை எழுதும்போது எனக்கு வேறொன்றும் உறுத்துகிறது. எதுவும் தெரியாதபடி மூடிக்கொண்டிருக்கும் கவிதையைப் பார்த்து உள்ளே ஆழம் இருப்பதாக எண்ணிக்கொள்வது நம் சிறிய வட்டத்தின் பழக்கம். அப்படிப்பட்ட இரண்டு தொகுப்புகளுக்கு நானே முன்னுரை எழுதியிருக்கிறேன். மெஷ் சட்டையைத் திறந்து பார்த்த பிறகு அந்த முன்னுரைகளைத் திரும்பப் படித்தேன். ஒன்றில் கொஞ்சம் உடம்பு இருந்தது.

சல்லாவின் பக்கம் பேசுவதால் அதன் தொல்லைகளை மறைக்க எனக்கு உத்தேசமில்லை. இரண்டு சல்லாப் பரப்புகள் ஒன்றன்முன் ஒன்றாக வந்தால், பின்னால் இருப்பதை முதலிலும் முன்னால் இருப்பதைப் பிறகும் யந்திரம் வரைய வேண்டும். தூரத்தை அது முழுப் பரப்பு முழுப் பரப்பாக அளக்கிறது, புள்ளி புள்ளியாக அல்ல. கூந்தலும் முக்காடும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும்போது எது முன், எது பின் என்பதற்கு ஒரே விடை கிடையாது. முகம் திரும்புகையில் முக்காட்டுக்குள் இருந்த கூந்தல் சட்டென்று இல்லாமல் போகிறது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் வந்துவிடுகிறது. இடைநிலை எண்களையெல்லாம் ஒழித்து, ஒரு வரம்புக்கு மேலே முழு இருப்பு, கீழே முழு இன்மை என்று வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். விளிம்பு ரம்பப் பல்லாகிவிடும், அவ்வளவுதான். சல்லா சல்லாவாக இருக்காது.

நண்பரைத் திரும்ப அழைத்து இதைக் காட்டினேன். வரம்பு வைத்துவிடும் வழிதான் யோக்கியமானது என்றார், நான் எதிர்பார்த்தபடியே. பிறகு அவதாரின் தலையை மெல்லத் திருப்பினேன். முக்காட்டின் பின்னால் கூந்தல் மறைந்தது, வந்தது. நண்பர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை திருப்பச் சொன்னார்.